சித்திரை ஒன்றுகூடலுக்குப் பூத்தேநீர் காக்டெயில்: ஜின் கசக்கிறது, தேநீர் கலங்குகிறது, எங்கே பிழை?

சிப்புட் வாசி:

அனைவருக்கும் வணக்கம். சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்து வரும் சனிக்கிழமை சாயங்காலம், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டு முற்றத்திலேயே ஓர் ஒன்றுகூடல். 24 பேர். அதில் 14 பேர் மது எடுத்துக்கொள்வார்கள், ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்று கணக்கு. மற்றவர்கள் பிள்ளைகள், வயதானவர்கள், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம். வழக்கமான பீர், விஸ்கிக்குப் பதிலாகப் பூவாசமும் தேயிலை வாசமும் சேர்ந்த ஒரு பானம் கொடுக்க ஆசை.

கையில் இருப்பவை: 40 விழுக்காடு ஜின் 700 மில்லி போத்தல் 2, கடைத் தேத்தூள் (கறுப்புத் தேயிலைப் பொடி), மல்லிகை வாசமேற்றிய பச்சைத் தேயிலை 100 கிராம், காய்ந்த சங்குப்பூ, சீன மருந்துக் கடையில் வாங்கிய காய்ந்த சாமந்தி, காய்ந்த ரோசெல் (புளிப்பான சிவப்புப் பூ). லீமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை வகை) வீட்டு மரத்தில் காய்த்துக் கிடக்கிறது.

சோதித்துப் பார்த்ததில் மூன்று சிக்கல். ஒன்று, 200 மில்லி ஜினில் 2 மேசைக்கரண்டி தேத்தூள் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டால் நாக்கை இழுக்கும் கசப்பு. இரண்டு, தேநீரைக் கெட்டியாக வடித்துச் சூட்டோடு ஐஸ் பெட்டியில் (குளிர்சாதனப் பெட்டியில்) வைத்தால் ஒரு மணி நேரத்தில் சேற்றுத் தண்ணீர் மாதிரிக் கலங்குகிறது. மூன்று, அதில் சங்குப்பூச் சாறு விட்டால் நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை, சாம்பல் நிறம். காரணம் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் நன்றி.

தேயிலை வாசம்:

தம்பி, மூன்றுக்கும் ஒரே இடத்தில்தான் வேர்: தேத்தூள்.

தேத்தூள் என்பது தே தாரேக்குக்காகவே (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) பொடியாக அரைத்தது. பாலும் சீனியும் சேரும்போது எடுபட வேண்டும் என்பதால், சட்டென்று சாயமும் துவர்ப்பும் இறங்கும்படி இருக்கும். 40 விழுக்காடு சாராயம் அந்தத் துவர்ப்பைத் தண்ணீரைவிடப் பிடிவாதமாக உறிஞ்சும். வாசம் முதல் அரை மணி நேரத்திலேயே பெரும்பகுதி வந்துவிடும். அதற்குப் பிறகு வருவது துவர்ப்பு மட்டும். இரவு முழுக்க ஊறவைத்தால் தேயிலை வாசம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. கூடுவது வாசமில்லை, கசப்புதான்.

மல்லிகைப் பச்சைத் தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 700 மில்லி ஜினுக்கு 12 கிராம். கரண்டியில் அளக்காதீர்கள், சமையல் தராசில் நிறுங்கள். சுருட்டிய இலைக்கும் தட்டை இலைக்கும் கரண்டிக் கணக்கு இரண்டு மடங்கு மாறும். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, ஒரு தடவை கவிழ்த்து எடுத்து, வெளியே வையுங்கள். குளிர் நாட்டுச் செய்முறைகள் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று சொல்லும். நம்மூர்ப் பகல் 32, 33 டிகிரியில் அது பொருந்தாது. 20ஆம் நிமிடத்தில் ஒரு சொட்டு, பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். மல்லிகை மூக்கில் ஏறி, நாக்கின் ஓரம் இலேசாக உலரத் தொடங்கும் இடத்தில் வடித்துவிட வேண்டும். பெரும்பாலும் 30 முதல் 40 நிமிடம். வடிக்கும்போது இலையைப் பிழியக் கூடாது. இலை குடித்துக்கொண்ட 30, 40 மில்லி போகட்டும், அதைப் பிழிந்தால் வருவது அவ்வளவும் துவர்ப்பு.

கலங்குவது கெட்டுப்போனதால் அல்ல. கறுப்புத் தேநீரில் உள்ள கஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் சூட்டில் பிரிந்து கரைந்திருக்கும், குளிர்ந்ததும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நுண்துகளாகத் திரளும். தேநீர் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கலங்கல். கலங்கியதில் கொஞ்சம் கொதிநீர் விட்டால் தெளிந்துவிடும், ஆனால் திரும்ப ஐஸில் வைத்தால் மறுபடி கலங்கும். நிலையான வழி பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பதுதான்: 1 லிட்டர் குடிநீருக்கு 8 கிராம் மல்லிகைத் தேயிலை, ஐஸ் பெட்டியில் 6 முதல் 8 மணி நேரம். கஃபீனும் துவர்ப்பும் குறைவாக இறங்கும், கண்ணாடி மாதிரி நிற்கும்.

சாம்பல் நிறம் வந்தது எளிய காரணம். தேத்தூளின் பழுப்பும் சங்குப்பூவின் நீலமும் கலந்தால் வேறு நிறம் வராது. சங்குப்பூவோடு கறுப்புத் தேநீர் சேரவே சேராது. வெளிர் நிறத் தேநீர்தான் வேண்டும். இன்னொன்று, கிணற்றுத் தண்ணீரோ ஆழ்துளைத் தண்ணீரோ பயன்படுத்துகிறீர்களா? இரும்புச் சத்து உள்ள தண்ணீரில் தேயிலைத் துவர்ப்பு பட்டால் மை மாதிரிக் கறுக்கும். வடிகட்டிய தண்ணீர் வையுங்கள்.

வடிதுணி:

மேலே சொன்னது முழுக்கச் சரி. ஏற்கெனவே கசந்துபோன ஜினைக் கொட்ட வேண்டியதில்லை, பாலால் கழுவி மீட்கலாம். பாலில் உள்ள கேசீன் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்துவிடும். அந்தத் திரிந்த கட்டியை, அதாவது திரியை, வடித்தால் கசப்பும் அதோடு போய்விடும்.

உங்கள் 200 மில்லிக்கு 50 மில்லி முழுக்கொழுப்புப் பசும்பால். குளிர்ந்த பாலைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, அதன்மேல் ஜினை மெதுவாக விட்டுக் கலக்குங்கள். வரிசையை மாற்றி ஜினுக்குள் பாலை ஊற்றினால், முதல் சொட்டுகள் உடனே கட்டியாகிவிடும், மீதித் துவர்ப்பைப் பிடிக்கக் கேசீன் மிஞ்சாது. பிறகு ஒரு தேக்கரண்டி கஸ்தூரிச் சாறு. திரியாவிட்டால் இன்னும் அரைத் தேக்கரண்டி. திரிந்ததும் கைவைக்காமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். கிளறினால் திரி பொடியாகி வடிதுணியை அடைத்துவிடும். கோப்பிக்கடைத் துணி வடிகட்டியில் ஊற்றி, முதலில் கலங்கலாக இறங்குவதை எடுத்து மறுபடி மேலேயே ஊற்ற வேண்டும். திரி ஒரு படுக்கையாகப் படிந்தபிறகு இறங்குவது தெளிவாக இருக்கும்.

தேங்காய்ப்பால், சோயாப்பால், டின் பால் எதுவும் இதற்கு உதவாது. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தப் போத்தலைக் கொடுக்கக் கூடாது. கண்ணுக்குப் பால் தெரியாது என்பதால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

தெளிந்த ஜின் கறுப்புத் தேநீர் வாசத்தோடு மழமழப்பாக இருக்கும். மல்லிகை ஜக்கில் கலக்காமல், குலா மலாக்கா (பனைவெல்லம்) பாகு 15 மில்லி, கஸ்தூரி 15 மில்லி என்று தனியாகக் குலுக்கி எடுத்தால் நல்ல நுரை கட்டும்.

சிப்புட் வாசி:

நன்றி அண்ணே, அக்கா. 12 கிராம், 35 நிமிடத்தில் வடித்த ஜின் அருமையாக வந்திருக்கிறது. இப்போது ஜக் அளவு வேண்டும். தோட்டத்து மல்லிகையையும் ஜினில் போடலாமா? கொடி நிறையப் பூக்கிறது.

மல்லிகைக் கொடி:

பூவை நேராக ஜினில் போடாதீர்கள். மல்லிகை இதழ் சாராயத்தில் ஒரு மணி நேரத்திலேயே பழுப்பாகும், கீரை வெந்த வாடை வரும். மல்லிகையின் வாசம் இதழைக் கரைத்து எடுப்பதில் இல்லை, பூ விரியும்போது காற்றில் விடுவதில் இருக்கிறது. சீனாவின் ஃபூஜோவில் மல்லிகைத் தேநீர் செய்யும் முறையே அதுதான். பகலில் மொட்டாகப் பறிப்பார்கள், இரவில் தேயிலையோடு அடுக்கி வைப்பார்கள். விரியும் பூ வாசத்தை வெளிவிடும், உலர்ந்த இலை அதை உறிஞ்சும். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, இலையை உலர்த்தி, புதுப் பூவோடு மறுபடி அடுக்குவார்கள்.

வீட்டிலும் செய்யலாம். கடைத் தேயிலையின் வாசம் மங்கியிருந்தால் இது நல்ல மருந்து. சாயங்காலம் 5, 6 மணிக்கு, மறுநாள் அல்ல அன்றிரவே விரியப்போகும் வெள்ளை மொட்டாகப் பறித்து 25 கிராம், தேயிலை 50 கிராம். பிஸ்கட் டின்னில் இலை, மொட்டு, இலை என்று அடுக்கி மூடுங்கள். காலையில் பூவை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். பூவின் ஈரம் இலையில் ஏறியிருக்கும். ஓவனில் 60, 70 டிகிரியில் 20 நிமிடம் உலர்த்தாவிட்டால் நம்மூர் ஈரப்பதத்தில் மூன்றே நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

பூவைப் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கோயில் வாசலில், மாலைக் கடையில் வாங்கும் பூ சாப்பிடுவதற்காக வளர்த்ததல்ல, பூச்சி மருந்து அடித்திருக்கும். வீட்டில் மருந்தடிக்காத கொடியில் பறித்தது மட்டும். நந்தியாவட்டை தூரத்தில் மல்லிகை மாதிரியே தெரியும், ஆனால் அது நச்சு. காம்பை ஒடித்தால் பால் வடியும், மல்லிகையில் வடியாது. அரளியும் மஞ்சள் அரளியும் இதயத்தைத் தாக்கும் விஷம். அலங்காரத்துக்குக்கூட கிளாஸில் செருக வேண்டாம், ஜக் இருக்கும் மேசையிலும் வைக்க வேண்டாம்.

சங்குப்பூ உங்கள் வேலிப் பூவாக இருந்தால் பச்சைக் காம்புக் கிண்ணத்தைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். புல் வாடை அங்கிருந்துதான் வருகிறது.

ஐஸ் தோங்:

ஜக் கணக்கு என் பங்கு. 14 பேர், ஆளுக்கு 2 என்றால் 28 கிளாஸ். 10 கிளாஸ் பிடிக்கும் ஜக் 3 போதும்.

ஒரு ஜக்குக்கு:
மல்லிகை ஜின் 400 மில்லி
பாண்டான் சீனிப்பாகு 200 மில்லி
கஸ்தூரிச் சாறு 150 மில்லி
குளிர்ந்த சாமந்தித் தேநீர் 300 மில்லி
சோடா 350 மில்லி, ஊற்றும் நேரத்தில் மட்டும்

மொத்தம் 1,400 மில்லி, கிளாஸுக்கு 140. ஜின் மூன்று ஜக்குக்கு 1,200 மில்லி, உங்களிடம் உள்ள இரண்டு போத்தலில் இலை குடித்தது போகவும் மிஞ்சும். ஒரு கிளாஸில் சுத்தச் சாராயம் 16 மில்லி. 5 விழுக்காடு பீர் 320 மில்லி டின் ஒன்றில் இருப்பதும் அதே 16 மில்லிதான். இதை விருந்தாளிகளிடம் சொல்லுங்கள். பூவாசமும் இனிப்பும் சாராயத்தை மறைப்பதால், சர்பத் மாதிரி மடமடவென்று குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர்கள் உண்டு.

பாகு: சீனியும் தண்ணீரும் எடைக்குச் சமம். மூன்று ஜக்குக்கு 400 கிராம் சீனி, 400 கிராம் தண்ணீர், முடிச்சிட்ட பாண்டான் இலை 4. சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, மூடி, ஆறவிட்டு இலையை எடுங்கள். நெடுநேரம் கொதிக்கவிட்டால் பாகு இறுகி, இதே 200 மில்லி திகட்டும்.

சாமந்தி: 1 லிட்டருக்கு 15 கிராம். ஒரு தடவை தண்ணீரில் அலசிக் கொட்டுங்கள். கொதித்து அடங்கிய தண்ணீரில், 90 டிகிரி போல, 5 நிமிடம். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் மருந்துக் கசப்பு வரும். பெட்டியில் விற்கும் கெக்வா (சாமந்தி) பானத்தில் ஏற்கெனவே சீனி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் மேலே சொன்ன அளவு எல்லாம் குலையும்.

கஸ்தூரி ஒரு பழத்தில் 5, 6 மில்லி சாறு. ஒரு ஜக்குக்கு 25 முதல் 30 பழம், மூன்றுக்கு 90 பழம் வரை பறியுங்கள். குறுக்காக வெட்டி, விதை விழ வடிகட்டிமேல் இலேசாகப் பிழியுங்கள். தோல் மடங்கும்வரை அழுத்தினால் தோல் எண்ணெய் இறங்கிக் கசக்கும், மல்லிகையும் அமுங்கிப்போகும். காலையில் பிழிந்து வைத்தால் மாலையில் வாடிப்போன வாசம். 5 மணிக்குப் பிழிந்து 9 மணிக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஜக்குக்குள் ஐஸ் போடாதீர்கள். முற்றத்து வெக்கையில் 20 நிமிடத்தில் பாதி கரைந்து, கடைசி ஐந்து பேருக்கு வெறும் வாசத் தண்ணீர்தான் கிடைக்கும். ஜக்கை ஐஸ் தோங்கில் (ஐஸ் நிரப்பிய பெரிய தொட்டியில்) கழுத்தளவு புதைத்து, ஐஸைக் கிளாஸில் மட்டும் போடுங்கள். கடையில் கிடைக்கும் ஓட்டை ஐஸ் சீக்கிரம் கரையும், அதற்குக் கணக்குப் போட்டுத்தான் சாமந்தித் தேநீர் 300 மில்லியோடு நிறுத்தியிருக்கிறேன். கட்டி ஐஸ் உடைத்துப் போடுவதானால் தேநீரை 400 ஆக்குங்கள். 24 பேருக்கு 20 கிலோ வாங்குங்கள்: தோங்குக்கு 8, கிளாஸுக்கு 12.

சிப்புட் வாசி:

சங்குப்பூ நிற மாற்றத்தை எந்த ஜக்கில் வைப்பது? விருந்தில் பேசவைக்கும் விஷயம் அதுதானே.

ஐஸ் தோங்:

ஊற்றும்போது மேலே 20 மில்லி விடலாம். 25 காய்ந்த பூ, 200 மில்லி வெந்நீர், 8 நிமிடம். புளிப்பு கீழே இருந்தால், கரண்டி முதுகில் மெதுவாக விடும்போது மேலே நீலம், சேருமிடத்தில் ஊதா என்று நிற்கும்.

வடிதுணி:

செய்முறை சரி, இடம்தான் தவறு. நிறம் மாறும் கிளாஸை நோக்கித்தான் பிள்ளைகள் கை நீளும். அதை மது ஜக்கில் வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. மது ஜக் சாமந்திப் பொன்னிறத்தோடு நிற்கட்டும், நீலமும் ஊதாவும் மது இல்லாத மேசைக்குப் போகட்டும். நிறமே அடையாளமாகிவிடும். இருட்டினபிறகு சீட்டு ஒட்டியது யார் கண்ணுக்குத் தெரியும்?

மது இல்லாத ஜக் என்றால் ஜினை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கலப்பதல்ல. சாராயம் போனால் பானம் சப்பென்றிருக்கும், அந்த இடத்தைத் தேநீரின் இலேசான துவர்ப்பு நிரப்ப வேண்டும். 10 கிளாஸுக்குப் பச்சைத் தண்ணீரில் ஊறிய மல்லிகைத் தேநீர் 900 மில்லி, பாண்டான் பாகு 150, கஸ்தூரி 120. நீலச் சாறு மேலே. ஆறினபிறகு அந்தச் சாறு வெயிலில் இருக்கக் கூடாது, நிறம் வெளுக்கும். கர்ப்பிணிகள் சங்குப்பூவைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம், அவர்களுக்கு வெறும் மல்லிகைத் தேநீர் கிளாஸ் எடுத்து வையுங்கள்.

மலாய்க் குடும்பம் முஸ்லிம்கள், அவர்களுக்கு ஜக், கரண்டி, வடிகட்டி, கிளாஸ், ஐஸ் எல்லாமே தனியாக, தனி மேசையில் இருக்கட்டும். ஜின் பட்ட வடிகட்டியைக் கழுவிப் பயன்படுத்துவது மரியாதை ஆகாது.

ரோசெலை அதே மேசையில் இரண்டாவது ஜக்காக வையுங்கள்: 20 கிராம், 1 லிட்டர் வெந்நீர், 10 நிமிடம், சீனி 90 கிராம். புளிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது, கஸ்தூரி வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் ஊறவைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தை அரித்து ருசி கெடும்.

ஐஸ் தோங்:

பிள்ளைகள் விஷயம் நான் யோசிக்கவில்லை. வடிதுணி சொன்னபடியே வையுங்கள்.

சிப்புட் வாசி:

அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று. ஜினை எத்தனை நாள் முன்னால் ஊறவைத்து வடிக்கலாம்? ஆள் கூடினால் தமானில் (குடியிருப்புப் பகுதியில்) மலிவாகக் கிடைக்கும் சம்சு (மலிவு நாட்டுச் சாராயம்) வாங்கிச் சேர்க்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், அதைத் தேயிலையில் ஊறவைத்தால் வாடை போய்விடுமாம்.

தேயிலை வாசம்:

சம்சு வேண்டவே வேண்டாம், தம்பி. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் பலர் இறந்தார்கள். மெத்தனாலை நாக்கு கண்டுபிடிக்காது, தேயிலையோ பாலோ அதைப் பிரித்தெடுக்காது. வாடையை மறைப்பது ஆபத்தை மறைப்பதுதான். ஆள் கூடினால் ஜக்கில் ஜினை 400இலிருந்து 300 ஆக்கி, சாமந்தித் தேநீரை 400 ஆக்குங்கள். கிளாஸுக்குச் சாராயம் 12 மில்லியாகும், ருசி உடையாது.

வடித்த ஜின் கெடாது, ஆனால் மல்லிகை முதலில் பறக்கும், மிஞ்சுவது பச்சைத் தேயிலை வாசம். வியாழக்கிழமைக்கு முன்னால் வேண்டாம். வியாழன் இரவு ஜின், வெள்ளி இரவு பாகும் பச்சைத் தண்ணீர்த் தேநீரும், சனி மதியம் சாமந்தியும் சங்குப்பூவும், 5 மணிக்குக் கஸ்தூரி, 6.30க்குச் சோடா தவிர மற்றதைக் கலந்து தோங்கில். ஜினைக் கழுத்துவரை நிரப்பி மூடி வையுங்கள், பாதிப் போத்தலில் வாசம் வேகமாக இறங்கும். வடித்த ஜின் பார்வைக்கு ஆறிய தேநீர் மாதிரியே இருக்கும், அதனால் ஐஸ் பெட்டியில் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். ஜின் வந்த போத்தலிலேயே திரும்ப ஊற்றி, மேல் தட்டில் வையுங்கள்.